"ஒரு மடக்குத்தானே!"



"நான் என்ன கொலையா செஞ்சேன், களவா எடுத்தேன்?" சின்னத் தவறுகளைப் பற்றிப் பேசப்போனால் லயத்தில் முதலில் வரும் பதில் இதுதான். கடைக் கடனை மறைக்க வீட்டில் ஒரு பொய், தண்ணிப் பீலியடியில் அடுத்த காம்பராவைப் பற்றி ஒரு கதை, சம்பளத்தன்று அளவு மீறிக் கொஞ்சம். கத்தோலிக்கர் இப்படியானவற்றை அற்பப் பாவம் என்பார்கள். பெயரில் அற்பம் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலின்படி, அற்பப் பாவம் கடவுளோடுள்ள உறவை அறுப்பதில்லை. ஆனால் தெரிந்தே செய்து, மனம் வருந்தாமலும் இருந்தால், கொஞ்சங்கொஞ்சமாகச் சாவான பாவத்துக்கு ஆளை ஆயத்தப்படுத்திவிடும்.

புனித மோனிக்கம்மாள் கதை இதற்கு நல்ல உதாரணம். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய அல்ஜீரியா இருக்கும் பகுதியில் வாழ்ந்தவர். சிறுமியாக இருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சை ரசம் எடுத்துவரப் பெற்றோர் அவரைத்தான் அனுப்புவார்கள். நல்ல பிள்ளை என்ற நம்பிக்கை. பிள்ளை போகும்போதெல்லாம் உதட்டு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தது. ஆசையில்லை, வெறும் குறும்பு. நாளுக்கு நாள் கூடி, கடைசியில் சின்னக் கிண்ணம் நிறையக் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் கூடப்போகும் வேலைக்காரப் பெண் சண்டையில் "குடிகாரி" என்று ஏசிவிட்டாள். அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது. அன்றே விட்டார். இதைத் தன் மகன் அகுஸ்தீனுக்கு அவரே சொல்லியிருக்கிறார். மகன் அதைத் தன் 'கன்ஃபெஷன்ஸ்' என்ற நூலில் எழுதிவைத்தார்.

அதற்காக, வீட்டுக்காரரைத் தினமும் "குடிகாரன்" என்று ஏசினால் திருந்திவிடுவார் என்று நம்ப வேண்டாம். நான் பார்த்த வரையில் ஊர் கேட்க ஏசுவதால் வீம்புதான் கூடுகிறது. மோனிக்காவுக்கு அது பலித்தது, அந்தச் சொல் உண்மை என்று அவரே ஒத்துக்கொண்டதால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளையைப் பீப்பாயடிக்கு அனுப்பியது பெற்றோர். இங்கேயும் "ஓடிப்போய் ஒரு போத்தல் வாங்கிட்டு வா" என்று பையனை அனுப்புகிற வீடுகள் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்கவே கூடாது.

சரி, எப்படி விடுவது? எல்லாவற்றையும் ஒரேயடியாக விடப்போகிறேன் என்று நேர்ந்துகொள்பவர் ஒரு கிழமை தாங்குவதே கஷ்டம். ஒன்றை மட்டும் பிடியுங்கள். படுக்கப்போகுமுன் ஆன்மசோதனை செய்யும்போது, எத்தனை தரம் என்பதோடு எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்றும் பாருங்கள். பாவத்தை மட்டுமல்ல, பாவத்துக்கு ஏதுவான சந்தர்ப்பத்தையும் விலக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததன் அர்த்தம் இதுதான். சம்பளத்தன்று தவறணைப் பாதையில் கால் இழுக்கிறதா? அன்றைக்கு மனைவியோடு சேர்ந்து வேறு பாதையால் வாருங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் அற்பப் பாவங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனாலும் சொல்லும்படி திருச்சபை வலியுறுத்துகிறது. "ஏதோ தப்பு செஞ்சேன் சாமி" என்று மேலோட்டமாகச் சொல்லாமல் இன்னது என்று சொல்லுங்கள். மற்றச் சபையினருக்கும் யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரம், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் போய்ச் சொல்லலாம். திரும்ப விழுந்தால் மறுநாளே எழும்ப வேண்டும், அடுத்த தவக்காலம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வேர்வை, சிலருக்கு வலிப்பு, புத்தி தடுமாற்றம்கூட வரலாம், உயிருக்கும் ஆபத்து உண்டு. இதை ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காமல், நிறுத்துமுன் தோட்ட வைத்திய ஐயாவிடமோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். போகும்போது எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள், வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.