தண்ணீரில் மிதக்கும் ஒரு 'நல்ல' ஓட்டல்

ஓட்டலில் தங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்ப்பார்கள். நான் கட்டில் விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்ப்பேன். தில்லியில் ஒரு பெரிய ஓட்டலின் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பழக்கம் விடுமா? மூலை மடிப்பு சரியாக இருக்கிறதா, குளியலறைக் கண்ணாடியில் துடைத்த கோடு தெரிகிறதா, கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டியையே திறப்பேன்.

அப்படிப்பட்ட எனக்கு, லண்டனில் நான்கு இரவுகள் தங்கிய ஓட்டல் ஒன்று நிறைய யோசிக்க வைத்தது. பார்த்ததையும் யோசித்ததையும் நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

2023 அக்டோபரில் என் அண்ணன் மகனுக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் திருமணம். ஈஸ்ட்ஹாமைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஹை ஸ்ட்ரீட் நார்த் வீதியில் நடந்தால் முருங்கைக்காயும் வாழை இலையும் விற்கிறார்கள். காதில் தமிழ் விழுகிறது. பக்கத்திலேயே மேனர் பார்க்கில் முருகன் கோயில். அண்ணன் வீட்டில் மூன்றே படுக்கையறைகள். வந்திருந்த உறவினரோ இருபது பேருக்கு மேல். "அத்தை, உங்களுக்கும் மாமாவுக்கும் ஓட்டலில் ரூம் போட்டிருக்கிறேன். பேரே 'குட் ஓட்டல்'தான். நீங்கள் பார்த்து மார்க் போடுங்கள்" என்றான் மாப்பிள்ளைப் பையன்.

தடுப்புக்காவலிலிருந்து தங்கும் விடுதி

ராயல் விக்டோரியா டாக் என்ற பழைய துறைமுகத்தில் தண்ணீரின்மீது மிதந்துகொண்டிருக்கிறது குட் ஓட்டல். படகு போன்ற தோற்றம் இல்லை. மிதவை மேடையொன்றின்மீது கட்டிய நீண்ட, கறுப்பு நிறக் கட்டடம். மொத்தம் 148 அறைகள்.

இந்தக் கட்டடம் பிறந்த கதைதான் வேடிக்கை. நெதர்லாந்தில், உரிய அனுமதி இல்லாமல் தங்கியிருந்த வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் மிதக்கும் தடுப்புக்காவல் இல்லமாக இது கட்டப்பட்டது. பிறகு மார்ட்டன் டிரேசன் என்பவர் 2015இல் இதை ஆம்ஸ்டர்டாமில் ஓட்டலாக மாற்றினார். ஓராண்டு அங்கே நடத்திவிட்டு, 2016இல் கட்டடத்தை அப்படியே ஒரு பெரிய சரக்கு மிதவையில் ஏற்றி, கடல் கடந்து லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாம் வீடு மாறும்போது பீரோவை நகர்த்தவே நான்கு ஆட்களைத் தேடுகிறோம்!

யாரை நாட்டுக்குள் விடக்கூடாது என்று பூட்டி வைக்கக் கட்டினார்களோ, அதே இடத்தில் இன்று உலகெங்கிலுமிருந்து வருகிறவர்களை "வாருங்கள்" என்று கதவு திறந்து வரவேற்கிறார்கள்.

துறைமுகம் போன பிறகு

இந்த ஓட்டலைப் புரிந்துகொள்ள அது நிற்கும் தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் தெரிய வேண்டும். ராயல் விக்டோரியா டாக் 1855இல் திறக்கப்பட்டது. அடுத்து 1880இல் ராயல் ஆல்பர்ட் டாக், 1921இல் ஐந்தாம் ஜார்ஜ் டாக். உலகின் பல மூலைகளிலிருந்தும் தானியமும் இறைச்சியும் மற்ற சரக்குகளும் இங்கே வந்து இறங்கின. சுற்றுவட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்குத் துறைமுகமே சோறு போட்டது.

நம் நாட்டு மாலுமிகளும் லண்டன் துறைமுகங்களுக்கு வந்தவர்கள்தாம். 'லாஸ்கர்' என்று அவர்களுக்குப் பெயர். திரும்பும் கப்பல் கிடைக்காமல் தெருவில் குளிரில் கிடந்து செத்தவர்கள் உண்டு. அவர்களைப் போன்றோருக்காக 1857இல் லைம்ஹவுஸ் பகுதியில் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹோம்' என்ற தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஊருக்குப் புதியவனுக்கு ஒரு கட்டில் வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கரைக்குப் பழையதுதான்.

கன்டெய்னர் வந்தது. பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் இவ்வளவு தூரம் வர முடியாமல் கீழே டில்பரியோடு நின்றன. 1981இல் ராயல் டாக்குகள் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டன. வேலை போயிற்று. பிறகு புதியவை ஒவ்வொன்றாக வந்தன: 1987இல் விமான நிலையம், 2000இல் எக்ஸெல் கண்காட்சி அரங்கு, 2012இல் ஆற்றைக் கடக்கும் கேபிள் கார். 2022இல் லண்டன் மேயரின் அலுவலகமே இந்தக் கரைக்கு இடம் மாறிவிட்டது. ஆனால் கரையில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தால் பின் சந்தில் இருப்பவருக்கு வேலை கிடைத்துவிடுமா? நியூஹாம் வட்டாரத்தில் வேலையில்லாமல் நெடுநாள் இருப்பவர் பலர். குட் ஓட்டல் கையில் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

அறையும் கூடமும்

அறை அளவானது. கட்டில், சிறு மேசை, மாட்டி வைக்கக் கொக்கிகள், தேவையான விளக்கு. சலவைக்கல் இல்லை, தங்கமுலாம் இல்லை. உள்ள பொருள் ஒவ்வொன்றும் யோசித்து வைக்கப்பட்டது. ஹவுஸ்கீப்பிங் கண்ணால் பார்த்தால், துடைக்க வேண்டிய விளிம்புகள் குறைவு. அந்த அறையை அமைத்தவருக்கு, துடைக்கப் போகிறவரைப் பற்றிய நினைப்பும் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குப் பட்டது.

அழகையெல்லாம் கீழ்த்தளக் கூடத்தில் கொட்டிவிட்டார்கள். நீள மர மேசைகள், மேலிருந்து தொங்கும் விளக்குகள், புத்தக அலமாரிகள், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். அறைவாசிகள் மட்டுமல்ல, வெளியாரும் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். மொட்டை மாடியில் தோட்டம். என் கணவர் காலையில் அங்கே போய் நின்றால் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. எதிர்க்கரையில் பாழடைந்து நிற்கும் 'மில்லெனியம் மில்ஸ்' என்ற பழைய மாவு மில்லையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"முன் அனுபவம் உண்டா?"

நாங்கள் தங்கிய மூன்றாம் நாள் காலை. எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்மணிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். விரிப்பை உதறிப் போட்டு மூலையை மடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "மிக நன்றாக மடிக்கிறீர்கள். நானும் இதே வேலை பார்த்தவள்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பிள்ளைகள் பிறந்தபின் பல வருடம் வீட்டிலேயே இருந்தாராம். மறுபடி வேலை தேடியபோது எங்கே போனாலும் ஒரே கேள்வி: "முன் அனுபவம் உண்டா? யாராவது உங்களைப் பற்றிச் சொல்வார்களா?" யாரும் வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தானே வேலை! இங்கே பயிற்சி கொடுத்து வேலையிலும் சேர்த்துக்கொண்டார்கள் என்றார். "அம்மா, நான் இங்கே முதலில் கற்றுக்கொண்டது படுக்கை போடுவதல்ல. ஐந்து நாளும் நேரத்துக்கு வந்து சேர்வது, முகம் பார்த்துப் பேசுவது. அது எனக்கு மறந்தே போயிருந்தது."

நான் 28 ஆண்டுகளில் எத்தனையோ பேரைப் பழக்கியிருக்கிறேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அறை சுத்தம் செய்வதைச் சில வாரங்களில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கடினமானது வாசற்படி. ஒருவரை முதன்முதலாக உள்ளே விட யாராவது துணிய வேண்டும்.

குட் ஓட்டல் அதைத் தன் தொழிலின் நடுவிலேயே வைத்திருக்கிறது. நியூஹாம் நகராட்சியின் வேலைவாய்ப்புப் பிரிவோடு சேர்ந்து, நெடுநாள் வேலையில்லாதிருந்த உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து வேலைக்கு எடுப்பது என்பதே தொடங்கியபோது அவர்கள் வகுத்த திட்டம். அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதல்ல, அனுபவத்தோடு அவர்களை வேறு ஓட்டல்களுக்கும் அனுப்பி, அந்த இடத்துக்கு அடுத்தவரைக் கொண்டுவருவதே நோக்கம். லாபம் முதலாளி பைக்குப் போவதில்லை என்பதும் அவர்கள் கொள்கை. டிரேசன் முன்பே கவுதமாலா நாட்டில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தும் அமைப்பொன்றைத் தொடங்கியவர். அந்நாட்டின் ஆன்டிகுவா நகரிலும் ஒரு குட் ஓட்டல் உண்டு.

இது விளம்பரம்தானா?

என் கணவர் கணக்குத் துறையில் இருந்தவர். "நல்லது செய்கிறோம் என்று பெயர்ப்பலகையிலேயே எழுதிக்கொண்டால் அது வியாபார தந்திரம் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாடகை மலிவு என்று சொல்லமாட்டேன்; லண்டனில் எதுதான் மலிவு? அங்கே வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து அங்கே தங்க முடியும் என்றும் கேட்கலாம். ஒரு ஓட்டலால் ஒரு வட்டாரத்தின் வேலையின்மை தீர்ந்துவிடாது.

ஆனாலும் நான் அவரிடம் சொன்ன பதில் இது. தர்மம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மிஞ்சியதில் கொடுப்பது. வியாபாரம் ஒரு பக்கம், உண்டியல் ஒரு பக்கம். வருமானம் குறைந்த வருடம் முதலில் வற்றுவது உண்டியல்தான். இங்கே அப்படிப் பிரிக்க முடியாது. விரிப்பு போட ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே தர்மம் முடிந்துவிடுகிறது. அறை நிறைந்தால் பயிற்சியும் நடக்கும். அதனால் அறை நிறைய வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு உண்டு. அதனால்தான் வேலையிலும் சுத்தம், அழகிலும் குறைவில்லை. பரிதாபப்பட்டு யாரும் இரண்டாம் முறை ஓர் ஓட்டலில் தங்க வரமாட்டார்கள்!

என்னவர் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. முப்பத்தாறு வருடமாக அப்படித்தான்.

நமக்கு

லண்டனைப் பற்றி எழுத வந்தவள் ஊர்க்கதைக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு விருந்தினர் விடுதி வேண்டும் என்று பேசி வருகிறோம். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் குடும்பம், தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் வரும் பிள்ளைகள் என்று தலைநகருக்கு வரும் நம்மவர்கள் தங்க ஓர் இடம். நல்ல எண்ணம். கூட்டங்களில் எத்தனை அறை, என்ன டைல்ஸ், லிப்ட் வேண்டுமா என்றெல்லாம் விவாதித்துவிட்டோம். அங்கே யார் வேலை பார்ப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. "கான்டிராக்டில் விட்டுவிடலாம்" என்பதோடு பேச்சு முடிந்தது.

2025 ஜூன் 1ஆம் தேதி, ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப், உயர்நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முடிவாயிற்று. நரேலா நகரின் வடகோடி. சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்துவந்த நம் பெண்கள் பலருக்கு வீட்டோடு வேலையும் தூரமாகிப் போனது. வீட்டைப் பளபளவென்று வைத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் எந்த ஓட்டல் வாசலில் போய் நின்றாலும் கேட்கப்போவது அதே கேள்விதான்: "முன் அனுபவம் உண்டா?"

பத்தே அறைகள் கொண்ட விடுதியாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் நான்கு பேர். ஆறு மாதம் முறையான சம்பளத்துடன் வேலை. படுக்கை, குளியலறை, லினன் கணக்கு, விருந்தினரிடம் பேசும் முறை, கொஞ்சம் இந்தியும் ஆங்கிலமும். முடிவில் சங்கத்தின் பெயரில் ஒரு சான்றிதழ், தெரிந்த ஓட்டல்களுக்கு ஒரு கடிதம். பிறகு அடுத்த நான்கு பேர். நம் உறுப்பினர்களில் ஓட்டல் துறையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டாலே போதும்.

பயிற்சி தரும் பொறுப்பை, உடம்பு இடம் கொடுக்கும்வரை, சம்பளம் இல்லாமல் நான் ஏற்கிறேன். செயற்குழு அடுத்த கூட்டத்தில் டைல்ஸ் நிறத்தை முடிவு செய்யும் முன் இதை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மற்ற அன்பர்களும் தங்கள் கருத்தை ஆசிரியருக்கு எழுதுங்கள்.