கழுத்தைப் பிடித்தால் கை எங்கே போகும்?

எதிரே நிற்பவன் இரண்டு கைகளாலும் கழுத்தை நெரித்தால், நெரிபடுபவரின் கைகள் தாமாகவே கழுத்துக்கு விரையும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராவ் மகா என்ற இஸ்ரேலியத் தற்காப்புக் கலை, இந்த அனிச்சைச் செயலையே முதல் அடியாக எடுத்துக்கொள்கிறது. கைகள் எப்படியும் கழுத்துக்குத்தான் போகப்போகின்றன. போனதும் என்ன செய்யவேண்டும் என்பதே பாடம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி, கையைக் கொக்கியாக வளைத்து, எதிராளியின் கட்டைவிரல்கள் இருக்கும் பக்கத்தில் வெடுக்கென்று பிடுங்கவேண்டும். எந்தப் பிடிக்கும் கட்டைவிரல்தான் பலவீனமான இடம். அதே நொடியில் அவனுடைய தொடையிடுக்கில் ஓர் உதை. தடுத்துவிட்டுப் பிறகு தாக்குவது என்ற வரிசை இங்கே கிடையாது.

இதைச் செய்ய ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். இன்னொருவருக்குக் கற்றுத்தர உரிமம் வாங்குவது வேறு சங்கதி.

இந்தக் கலையை உருவாக்கிய இமி லிச்டன்ஃபெல்ட் 1910-இல் புடாபெஸ்டில் பிறந்து பிராட்டிஸ்லாவாவில் வளர்ந்தவர். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் பழகியவர். 1930களில் யூதர் குடியிருப்புகளைத் தாக்க வந்த கும்பல்களோடு தெருவில் மோதியபோது, மேடை விதிகள் தெருவில் உதவாது என்று கண்டுகொண்டார். 1940-இல் பென்ச்சோ என்ற பழைய படகில் ஏறித் தப்பி, பின்னர் பாலஸ்தீனம் சேர்ந்தார். இஸ்ரேல் ராணுவம் அமைந்ததும், 1964 வரை அதன் வீரர்களுக்கு உடற்பயிற்சியும் கைச்சண்டையும் கற்றுத்தரும் பொறுப்பு அவருடையது.

ராணுவத்தில் அவருக்கு இல்லாத சிக்கல் ஓய்வுக்குப் பிறகு வந்தது. படைவீரனுக்கு வயதும் உடல்வாகும் ஏறக்குறைய ஒன்று, கட்டளையிட்டால் செய்வான். இஸ்ரேலின் நெதன்யா நகரில் அவர் திறந்த பள்ளிக்குச் சிறுவர்களும் பெண்களும் நடுவயதுக்காரர்களும் வந்தார்கள். இவர்களுக்குக் கற்றுத்தர, சண்டை தெரிந்தவர்கள் மட்டும் போதாது. 1970களின் தொடக்கத்தில் நெதன்யாவுக்கு அருகே உள்ள விங்கேட் உடற்கல்வி நிறுவனத்தில் குடிமக்களுக்கான பயிற்றுநர் வகுப்பு தொடங்கியது. 1981-இல் அங்கே நடந்த வகுப்புக்கு அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கலை கடல் கடந்து பரவியது அந்தக் காலத்தில்தான்.

இன்று பெரிய அமைப்புகள் நடத்தும் முழுமையான பயிற்றுநர் பயிற்சிக்கு மூன்று வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். பகுதி பகுதியாகவும் நடத்துவார்கள். சேர்வதற்கு முன்பே அடிப்படைப் படிகளில் தேர்ச்சி வேண்டும். பல அமைப்புகளில் பயில்பவர், தேர்ந்தவர், வல்லுநர் என்று மூன்று கட்டம், ஒவ்வொன்றிலும் ஐந்து படி. இடுப்புப் பட்டைக்குப் பதிலாக ஆடையில் ஒரு சின்னத் துணி வில்லையைத் தைத்துக்கொள்கிறார்கள்.

பயிற்சியின் உயிர், என் பார்வையில், செய்முறைக் கற்பித்தல்தான். உடன் பயிற்சி பெறுபவர்கள் மாணவர்களாக நிற்க, தேர்வுக்கு நிற்பவர் ஆசிரியராக வேண்டும். முதலில் முழு வேகத்தில் செய்துகாட்டல், அடுத்து மெதுவாகப் பிரித்துக் காட்டல், பிறகு மாணவர்கள் இருவர் இருவராகப் பழகுவது. அதன் பிறகு நடப்பதுதான் கடினம். கழுத்துப்பிடி விடுவிப்பையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் பிடுங்கிய கைகளைத் தன் உடலை ஒட்டி இழுக்காமல் அகல விரிக்கிறார். இன்னொருவர் கையை எடுத்து முடித்த பிறகுதான் உதைக்கிறார். மூன்றாமவர் பின்னால் சாய்கிறார். எதை முதலில் திருத்துவது? மூன்றும் ஒருவரிடமே இருந்தாலும், எல்லாவற்றையும் சொல்லிக் குவித்தால் அவர் குழம்பிவிடுவார். உயிருக்கு ஆபத்தான பிழை முதலில். அழகு சம்பந்தப்பட்டது நாளைக்கு.

இதைவிட நுட்பமானது, தாக்குபவராக நிற்கும் மாணவரைத் திருத்துவது. புதிதாக வருபவர்கள் நாகரிகம் கருதிக் கழுத்தைத் தொடாமல் தோளைப் பிடிப்பார்கள். அந்தப் பொய்ப்பிடியிலிருந்து விடுபடுவது எல்லோருக்கும் எளிது. வகுப்பே சிரித்துக்கொண்டு நடக்கும், யாரும் எதையும் கற்றிருக்கமாட்டார்கள். பிடி உண்மையாக இருக்கவேண்டும், ஆனால் யாருக்கும் காயம்படக் கூடாது. அந்த அளவை வகுப்பு முழுவதும் காப்பது பயிற்றுநரின் வேலை. மூச்சிரைக்க ஓடவிட்டு, கண்ணை மூடச்சொல்லி, எதிர்பாராத பக்கத்திலிருந்து பிடிக்கவைக்கும் பயிற்சிகளும் உண்டு. பயத்தில் இதயம் படபடக்கும்போது நுணுக்கமான விரல் வேலைகள் தடுமாறும், பெரிய தசைகளின் முரட்டு அசைவுகளே மிஞ்சும் என்பதை மாணவர் தன் உடம்பிலேயே உணரத்தான் இந்த ஏற்பாடு. யார் விளையாட்டாக மிரள்கிறார், யார் நிஜமாகவே உறைந்துவிட்டார் என்று கண்டு, சட்டென்று நிறுத்தத் தெரியாதவர் கையில் இந்தப் பயிற்சியைக் கொடுக்கக் கூடாது.

சான்றிதழைப் பொறுத்தவரை, ஜூடோவுக்கு இருப்பதுபோல் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட ஒரே தலைமை அமைப்பு கிராவ் மகாவுக்கு இல்லை. இமி உயிரோடு இருந்தபோதே சீடர்கள் பிரியத் தொடங்கிவிட்டார்கள். 1998-இல் அவர் இறந்த பிறகு கிளைகள் இன்னும் பெருகின. இஸ்ரேலில் 1988-ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம், தகுதிச் சான்று இல்லாதவர் பயிற்றுநராக இருக்கக் கூடாது என்கிறது. அந்த எல்லைக்கு வெளியே நிலைமை நாட்டுக்கு நாடு மாறும். சில நாள் வகுப்பில் பயிற்றுநர் ஆக்கிவிடுகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்கலாம்: தேர்வு வைப்பவர் யார், தேறாதவர்களை என்ன செய்வீர்கள், உரிமத்தை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். பொறுப்பான அமைப்புகளில், உரிமம் பெற்றவரும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திரும்பவந்து பயிற்சி எடுத்து, தன் படியையும் உயர்த்திக்கொண்டே இருக்கவேண்டும்.