தோழன் யார்? எதிரி யார்?

முன்பெல்லாம் விடுமுறை நாளிலே சிறுவர் நால்வர் கூடினால் முற்றத்திலே பந்து உருளும். இன்றோ நால்வரும் தத்தம் வீடுகளில் இருந்தவாறே ஒரே வீடியோ விளையாட்டில் இறங்கிவிடுகிறார்கள். அவ்விளையாட்டுக்களுட் பல, இரு கட்சிகளாகப் பிரிந்து ஆடப்படுவன. நம் கட்சியார் பச்சை; எதிர்க் கட்சியார் சிவப்பு. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எதிரியை இனங்கண்டு தாக்கவேண்டும். இந்நிலையில் ஒரு சிறுவன் தன் கட்சிக்காரனையே தாக்கிவிடுகிறான்; அல்லது எதிரியைத் தோழன் என்றெண்ணி வாளாவிருந்து விடுகிறான். "உனக்குக் கண் தெரியாதா?" என்று மற்றவர்கள் ஏசுகிறார்கள். மறுமுறை அவனைச் சேர்த்துக்கொள்ள எவரும் விரும்புவதில்லை.

உண்மையில் அவனுக்குக் கண் நன்றாகவே தெரியும். சிறிய எழுத்தையும் வாசிப்பான். தூரத்துப் பறவையையும் காண்பான். ஆயினும் சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றுகின்றன. இக்குறை தனக்கு உண்டு என்பதை அவனே அறியாதிருத்தலும் கூடும்.

டால்டன் கண்ட மலர்

அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஆங்கில விஞ்ஞானி ஜோன் டால்டனுக்கும் இக்குறை இருந்தது. அதனை அவர் திட்டமாக உணர்ந்தது 1792ஆம் ஆண்டில், அவர் இளைஞராய் வளர்ந்துவிட்ட பின்னரே. பகலிலே நீலமாகத் தோன்றிய ஜெரேனியம் மலரொன்று மெழுகுதிரி வெளிச்சத்திலே அவருக்குச் சிவப்பாகத் தோன்றியது. நண்பர்களை வினவினார். அத்தகைய மாற்றம் எதனையும் அவர்கள் காணவில்லை. அவருடைய சகோதரர் மாத்திரமே தாமும் அவ்வாறே கண்டதாகக் கூறினார்.

1794ஆம் ஆண்டிலே டால்டன் இதுபற்றிய கட்டுரையை மான்செஸ்டர் நகரத்து அறிஞர் கழகத்தில் வாசித்தார். தம் கண்ணினுள்ளே இருக்கும் நீர்மம் நீலநிறமாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. தாம் இறந்தபின் கண்ணைச் சோதிக்குமாறும் அவர் கேட்டுக்கொண்டார். 1844இல் அவர் மறைந்தபின் சோதித்தபோது அந்நீர்மம் தெளிவாகவே இருந்தது! பேணி வைக்கப்பட்டிருந்த கண்ணின் பகுதியை 1995ஆம் ஆண்டிலே விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். பச்சை ஒளியைச் சிறப்பாக உணரும் கூம்புக் கலங்களுக்குரிய பரம்பரையலகு அதில் இல்லை என்பது அப்போதுதான் புலனாயிற்று.

நம் விழித்திரையிலே மூவகைக் கூம்புக் கலங்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை இல்லாமற் போனாலும், பிறழ்ந்து அமைந்தாலும் சில நிறங்கள் ஒன்றோடொன்று மயங்கும். பெரும்பாலும் மயங்குவன சிவப்பு, பச்சை, கபிலம் என்பனவே. நீலமும் மஞ்சளும் அத்தகையோருக்கு நன்கு வேறுபட்டுத் தெரியும். ஆகவே 'நிறக்குருடு' என்னும் பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று.

சிவப்பு பச்சை மயக்கத்துக்குக் காரணமான பரம்பரையலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருத்தலால் இக்குறை ஆண்களிடையே மிகுதி. வட ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் 12 பேருக்கு ஒருவரும் பெண்கள் 200 பேருக்கு ஒருவரும் இத்தகையோர். வேறு பல இனத்தவரிடையே இது சற்றுக் குறைவெனினும் அரிதன்று.

விளையாட்டை ஆக்குவோர் செய்தது

தனியே ஆடுபவன் தவறினால் மீண்டும் தொடங்கலாம். பலர் கூடி ஆடும்போது ஒருவன் தவறு அனைவரையும் பாதிக்கிறது. நின்று யோசிக்கவும் நேரமில்லை. ஆகையால் இவ்வகை விளையாட்டுக்களிலேதான் மாற்றம் மிக அவசியமாயிற்று.

நின்டெண்டோ நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பிளட்டூன்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இரு கட்சியாரும் தத்தம் நிற மையைத் தரையெங்கும் பூசுகின்றனர். கூடுதலான நிலத்தைத் தம் நிறமாக்கியவர் வெல்வர். நிறமே ஆட்டமாக உள்ள இடத்தில் நிறம் மயங்கினால் என்ன செய்வது? விளையாட்டின் அமைப்பிலே ஒரு தெரிவை வைத்தனர். அதனைத் தெரிந்தால், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் நிறங்கள் எளிதிற் பிரித்தறியத்தக்க ஒரு சோடியாக நிலைத்து நிற்கும்.

2018இல் வெளிவந்த 'அமங் அஸ்' விளையாட்டிலே அறுந்த மின்கம்பிகளை நிறத்துக்கு நிறம் இணைக்கும் வேலை ஒன்றுண்டு. நிறம் மயங்குவோர் அங்கே திணறினர். 2020ஆம் ஆண்டிலே அக்கம்பிகளுக்குக் குறியீடுகளும் சேர்க்கப்பட்டன. நிறம் தெரியாவிடினும் குறியைப் பார்த்து இணைக்கலாம்.

2020இல் வந்த 'வலோரன்ட்' விளையாட்டிலே எதிரியின் உருவைச் சுற்றிச் சிவப்புக் கோடு தோன்றும். வேண்டுவோர் அதனை மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாற்றிக்கொள்ளலாம். குறையேதும் இல்லாதோரும் பலர் தெளிவு கருதி அந்நிறங்களையே தெரிந்துகொள்கின்றனர். சிலருக்கென வெட்டிய வாய்க்காலிலே பலருக்கும் நீர் பாய்கிறது!

திரை முழுவதன் நிறத்தையும் ஒருங்கே மாற்றும் வழியும் உண்டு. ஆனால் அது மயங்கிய சில நிறங்களைப் பிரித்து, மயங்காத வேறு சிலவற்றை மயங்கச் செய்தலும் கூடும். தோழனுக்கும் எதிரிக்கும் உரிய நிறங்களை ஆடுபவனே தெரியவிடுதல் அதனினும் நன்று. நிறத்தோடு வடிவத்தையோ எழுத்தையோ சேர்த்தல் இன்னும் நன்று. வீதிச் சமிக்ஞை விளக்கை எண்ணிப் பாருங்கள். நிறம் மயங்குபவரும் மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என இடத்தைக் கொண்டு அறிகிறார் அன்றோ? 2017இல் 'ஊனோ' சீட்டுக்கட்டின் ஒரு பதிப்பும் இம்முறையிலே வந்தது. போர்த்துக்கல் நாட்டு மிகுவல் நெய்வா வகுத்த நிறக் குறியீடுகள் அச்சீட்டுக்களில் அச்சிடப்பட்டன.

நாம் செய்யக்கூடியது

பிள்ளை மரத்தின் இலைக்குக் கபிலநிறம் தீட்டினால், அல்லது நிறங்களின் பெயரை அடிக்கடி மாற்றிச் சொன்னால், பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம். கண் வைத்தியரிடம் காட்டுதல் நன்று. யப்பானிய வைத்தியர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்கள் சிவப்பு பச்சை மயக்கத்தைச் சில நிமிடங்களில் காட்டித்தரும். பிறவியிலே வரும் இக்குறையை நீக்கும் மருந்து இன்னும் வழக்கில் இல்லை. ஆயினும் அறிந்துகொண்டவனுக்கு அரைச் சங்கடம் தீர்ந்தது. விளையாட்டின் அமைப்பிலே தனக்குரிய நிறங்களை அவன் மாற்றிக்கொள்வான்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். "அந்தச் சிவப்பனைப் பிடி!" என்பதற்குப் பதிலாகக் "கதவுக்கு இடப்பக்கம் நிற்பவனைப் பிடி!" என்று சொல்லிப் பாருங்கள். எந்நிறுவனமும் எதனையும் மாற்றவேண்டியதில்லை, காசும் செலவில்லை. நேற்றுவரை விலக்கி வைத்த தோழன் இன்று உங்கள் கட்சியிலே நின்று ஆடுவான்.