மதரஸாவில் தொடங்கி நீதிபதி இருக்கை வரை: பத்ருத்தீன் தய்யிப்ஜி

“ஹஜ்ரத், பையனை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமா? பொய் சொல்லிப் பிழைக்கிற தொழில் என்கிறார்களே?” பிளஸ் டூ முடிவுகள் வரும் நாட்களில் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லலாம்.

பத்ருத்தீன் தய்யிப்ஜி 1844-ல் மும்பையில் ஒரு போரா வணிகக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் மதரஸாவில் உருதும் பார்ஸியும் கற்றார். பிறகு எல்ஃபின்ஸ்டன் கல்வி நிலையத்தில் படித்தார். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று பலர் அஞ்சிய காலம் அது. அவருடைய தந்தையோ 1860-ல் மகனை லண்டனுக்கே அனுப்பினார். பார்வைக் குறைபாட்டால் இடையில் ஊர் திரும்ப நேர்ந்தும் படிப்பை அவர் கைவிடவில்லை. 1867-ல் பாரிஸ்டராகி, மும்பை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய பாரிஸ்டர் ஆனார். அதுவரை அங்கு வாதாடிய பாரிஸ்டர்கள் எல்லோரும் வெள்ளையர்களே.

கையில் பணமும் பெயரும் வந்ததும் அவர் ஒதுங்கி இருந்துவிடவில்லை. 1874-ல் அண்ணன் கமருத்தீன் உள்ளிட்டோருடன் சேர்ந்து அஞ்சுமனே இஸ்லாம் அமைப்பைத் தொடங்கினார். 1880-ல் அதன் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. இன்றும் மும்பையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதன் கல்வி நிறுவனங்களில் படிக்கிறார்கள்.

1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு நம் சென்னையில், ஆயிரம்விளக்கு மக்கீஸ் தோட்டத்தில் நடந்தது. 600-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடிய அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் தய்யிப்ஜி. காங்கிரஸ் தலைவரான முதல் முஸ்லிம் அவர்தான்.

அலிகர் தந்த சர் சையத் அஹ்மத் கான் இதைக் கடுமையாக எதிர்த்தார். பெரும்பான்மையினரின் எண்ணிக்கையில் முஸ்லிம்களின் குரல் அமுங்கிவிடும் என்பது அவருடைய அச்சம். அந்த அச்சத்தை தய்யிப்ஜி அலட்சியம் செய்யவில்லை. எல்லோருக்கும் பொதுவான விஷயங்களில் சேர்ந்து நிற்போம், நமக்குப் பாதகமானதை உள்ளே இருந்தே தடுப்போம் என்று கடிதங்களில் பதில் எழுதினார். இந்துப் பிரதிநிதிகளோ முஸ்லிம் பிரதிநிதிகளோ ஏறக்குறைய ஒருமித்து எதிர்க்கும் எந்தப் பொருளையும் விவாதத்துக்கு எடுக்கக் கூடாது என்ற விதி, அவருடைய முயற்சியால் 1888 அலகாபாத் மாநாட்டில் ஏற்கப்பட்டது. சமுதாயத்தில் எதிர்ப்பு வலுத்தபோது, மாநாடுகளைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கலாமா என்றுகூட அவர் ஹியூமுக்கு எழுதினார். சொந்தச் சமுதாயத்தின் மனநிலையை அவர் அந்த அளவுக்கு மதித்தார். கருத்து வேறுபாட்டை வசைபாடலாக மாற்றும் நாம் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும்.

1895-ல் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1897-ல் திலகர் மீது ராஜதுரோக வழக்கு வந்தது. திலகரின் அரசியல் குறித்து முஸ்லிம்களிடையே மனக்குறை இருந்த காலம் அது. ஏற்கெனவே மறுக்கப்பட்டிருந்த ஜாமீன், தய்யிப்ஜியின் முன் வந்தபோது கிடைத்தது. அரசு என்ன நினைக்கும் என்றோ தம் மக்கள் என்ன பேசுவார்கள் என்றோ அவர் பார்க்கவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் கற்பிப்பதும் இதைத்தானே!

1902-ல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்த அவர், 1906-ல் லண்டனில் காலமானார். பர்தா உள்ளிட்ட சில விஷயங்களில் அவருடைய கருத்துகளோடு நமக்கு உடன்பாடில்லை. அதற்காக அவருடைய உழைப்பை மறுக்க முடியாது.

வக்ஃபு சொத்து முதல் பள்ளிவாசல் இடம் வரை நம் பிரச்சினைகள் இன்று நீதிமன்றப் படியேறுகின்றன. அப்போது மட்டும் நல்ல வக்கீலைத் தேடி அலைகிறோம். பொய் சொல்ல வைப்பது தொழில் அல்ல, தக்வா இல்லாத உள்ளம்தான். மார்க்கப் பற்றுள்ள பிள்ளை சட்டம் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், துஆ செய்து அனுப்புங்கள்.

நீதியை நிலைநிறுத்தும் தலைமுறையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.