மிஞ்சிய வரிப்பணம் யாருக்கு உரியது? ஜொகூரையும் தோட்டத் தமிழரையும் முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

அரசின் வருவாய் செலவுக்குப் போதாமற் போகுமிடத்து என்செய்வது என்பது பற்றிப் பொருளியலார் நிரம்ப எழுதியுள்ளனர். ஆயின், வருவாய் செலவை விஞ்சி நிற்குமிடத்து அம்மிகுதியை என்செய்வது என்னும் வினா அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. பற்றாக்குறையில் அரசின் திறமை வெளிப்படும். மிகுதியிலோ அதன் அறம் வெளிப்படும். திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசின் ஆற்றலை நான்கு செயல்களாகப் பகுக்கின்றது: பொருள் வரும் வழிகளை அமைத்தல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பங்கிடல். பங்கீடு இறுதியில் வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. முன்னைய மூன்றும் அதன்பொருட்டே நிகழ்கின்றன எனக் கொள்வதில் தவறில்லை.

மிஞ்சிய வரிப்பணத்தை அரசு எவ்வாறு செலவிடல் வேண்டும், எப்போது திருப்பித் தரல் வேண்டும் என்பதனை மலாயாவின் வரலாற்றிலிருந்தும், சிறப்பாக ஜொகூரின் பட்டறிவிலிருந்தும் விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது. தோட்டத் தமிழரின் உழைப்பை அளவுகோலாகக் கொண்டு திரட்டப்பட்ட ஒரு நிதியின் கதை இதன் நடுவே அமைகின்றது.

எது மிகுதி?

கருவூலத்தில் எஞ்சி நிற்கும் பணம் அனைத்தும் மிகுதியாகிவிடாது. இங்கு மூவகையினை நாம் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, அரசு உண்மையில் திருப்பித் தரக் கடமைப்பட்டுள்ள பணம். மலேசியாவில் 2015 ஏப்ரல் முதல் 2018 வரை நடைமுறையில் இருந்த பொருள் சேவை வரியில், வணிகர்கள் கொள்முதலின்போது செலுத்திய வரியைத் திரும்பப் பெறும் உரிமை உடையவராயிருந்தனர். அவ்வாறு தரவேண்டிய தொகை பெருமளவில் நிலுவையில் தங்கியது. அதனையும் வருமான வரி நிலுவையையும் தீர்ப்பதற்காக 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பெட்ரோனாஸ் நிறுவனத்திடமிருந்து 3,000 கோடி ரிங்கிட் சிறப்பு ஈவுத்தொகை பெறப்பட்டது. இத்தகைய பணம் மிகுதியன்று, கடன்.

இரண்டாவது, சந்தை விலையின் ஏற்றத்தால் எதிர்பாராது வந்த வருவாய். இரப்பர், ஈயம், செம்பனை, எண்ணெய் ஆகியவற்றை நம்பிய நாடுகளில் இது அடிக்கடி நிகழ்வது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்கென விதிக்கப்பட்டு, அந்நோக்கம் மறைந்த பின்னரும் எஞ்சிய தீர்வைப் பணம். இம்மூன்றாவது வகையே அறச்சிக்கல் மிக்கது. ஏனெனில் அப்பணத்திற்கு ஒரு பிறப்பு வரலாறு உண்டு.

போர்க்கப்பலும் பீரங்கியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயமும் இரப்பரும் மலாய் மாநிலங்களின் கருவூலங்களை நிரப்பின. 1912ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலை வழங்க முன்வந்தன. 'மலாயா' எனப் பெயரிடப்பட்ட அக்கப்பல் 1915இல் கடலில் இறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜட்லாந்துப் போரில் ஈடுபட்டது. அதன் விலை ஏறத்தாழ 30 இலட்சம் பவுண்டு.

ஜொகூர் அன்று அவ்வைக்கிய மாநிலங்களுள் ஒன்றன்று. 1895இலேயே எழுதப்பட்ட அரசமைப்பினைப் பெற்றிருந்த அம்மாநிலம், 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்ற பின்னரும் தனித்தன்மையைப் பெரிதும் பேணியது. ஆயினும் அதன் செல்வமும் இதே வழியில் சென்றது. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டிச் சுல்தான் இப்ராகிம் 5 இலட்சம் பவுண்டு வழங்கினார். அதில் ஒரு பகுதி சிங்கப்பூர்ச் சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகளை நிறுவப் பயன்பட்டது. அப்பீரங்கித் தளம் ஜொகூரின் பெயராலேயே வழங்கிற்று. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கியது. பீரங்கிகள் வீழ்ச்சியைத் தடுக்கவில்லை.

போர்க்காலத்து அச்சங்களை இன்றைய அமைதியிலிருந்து எடைபோடுதல் எளிது. அது நம் நோக்கமன்று. நாம் சுட்ட விழைவது ஒன்றே. இச்செல்வத்தை விளைவித்த பால்மரம் வெட்டியவர்க்கோ சுரங்கத்தில் உழைத்தவர்க்கோ அதனை எவ்வாறு செலவிடலாம் எனக் கூறும் வாய்ப்பு இருந்ததில்லை.

குடியேற்ற நிதியின் கதை

1907இல் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன், ஒரு தோட்டம் தன் செலவில் தமிழகத்திலிருந்து ஆள் கொணர்ந்தால், அடுத்த தோட்டம் சற்றே கூடுதல் கூலி காட்டி அவரை ஈர்த்துக்கொள்ளும் நிலை இருந்தது. செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு என்னும் இம்முரணைத் தீர்க்கவே பொது நிதி தோன்றியது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டுத் தீர்வை செலுத்தல் வேண்டும். அந்நிதியிலிருந்து கங்காணியின் ஊக்கத்தொகை, ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களின் செலவு, கப்பற் கட்டணம், தனிமைப்படுத்தும் நிலையச் செலவு ஆகியன கொடுக்கப்பட்டன. காலப்போக்கில் இவ்வேற்பாடு ஜொகூர் உள்ளிட்ட பிற மாநிலங்களையும் தழுவியது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் இவ்வழியில் வந்தவர்களே.

1938இல் உதவி பெற்றுக் குடியேறும் உடலுழைப்பாளர் வருகையை இந்திய அரசு தடைசெய்தது. ஆள்சேர்ப்பு நின்றது, அதற்கெனத் திரட்டப்பட்ட நிதியின் எச்சம் நின்றது. நோக்கம் முடிந்த தீர்வை என நாம் மேலே குறித்தது இதுவே. விடுதலைக்குப் பின்னர், 1958இல், அந்நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றியமைக்கப்பட்டது. ஆள் கொணரப் பயன்பட்ட பணம், வந்து தங்கிய தொழிலாளரின் நலத்திற்கும் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் உரியதாயிற்று. 1999இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக இந்நிதி கலைக்கப்பட்டு, அதன் சொத்துகள் அரசின்பாற் சேர்ந்தன.

இம்முடிவினை ஆதரிப்போர் கூறும் காரணங்களை நாம் புறக்கணித்தல் ஆகாது. ஒரு நாட்டில் ஓர் இனத்திற்கென நிதி தொடர்தல் பொருந்தாது. தோட்டங்களில் இன்று பல நாட்டவர் உழைக்கின்றனர். பொதுக் கருவூலம் அனைவர்க்கும் நலன் தரும் என்பன அவை. தீர்வையைச் செலுத்தியவர் முதலாளிகளே அன்றித் தொழிலாளர் அல்லர் என்பதும் ஒரு வாதம்.

இவ்விறுதி வாதமே நுணுகி நோக்கத்தக்கது. வரியைச் செலுத்துபவர் வேறு, அதன் சுமையைத் தாங்குபவர் வேறு என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம். ஆள் ஒருவரின் வேலைநாளுக்கு இவ்வளவு எனத் தீர்வை விதிக்கப்படும்போது, அது ஆட்செலவின் ஒரு கூறாகவே முதலாளியின் ஏட்டில் பதியும். கூலியை உறுதிப்படுத்தும்போது அக்கூறும் கணக்கில் வரும். ஆகவே, கணக்கேட்டில் முதலாளியின் பணமாகத் தோன்றியது, உழைப்பவரின் கூலியில் சேராது நின்ற பணமாகவும் இருத்தல் கூடும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் நிதியை முதலாளிகளுக்குத் திருப்பியளிக்காமல் தொழிலாளர் நலத்திற்கு ஒதுக்கியமை இவ்வுண்மையை ஏற்றதாகவே நமக்குத் தோன்றுகின்றது. 1999ஆம் ஆண்டு முடிவு அந்த ஏற்பினைத் தொடரவில்லை.

திருப்பித் தந்த மற்றொரு தீர்வை

இதே இரப்பர்த் தொழிலில், வேறொரு தீர்வை எவ்வாறு கையாளப்பட்டது என்பதனை ஒப்பிட்டுக் காணல் பயன் தரும். 1952இல் இரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதியாகும் இரப்பருக்குப் பவுண்டு ஒன்றுக்கு 4.5 காசு வீதம் பெறப்பட்ட தீர்வை இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டது. பெருந்தோட்டங்கள் செலுத்தியது அவற்றின் பங்கிற்கேற்ப அவற்றிற்கே திரும்பியது. சிறுதோட்டக்காரர்க்கு, பழைய மரங்களை அகற்றிப் புதியன நடும் நிலப்பரப்பிற்கேற்ப உதவித்தொகை வழங்கப்பட்டது. 1973இல் சிறுதோட்டக்காரர்க்கான பணி ரிஸ்டா அமைப்பின் பொறுப்பாயிற்று.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். மரத்தின் பெயரால் பெற்ற தீர்வை மரம் வைத்திருந்தவர்க்குத் திரும்பியது. ஆளின் பெயரால் பெற்ற தீர்வை, இறுதியில், ஆளுக்குத் திரும்பவில்லை. உடைமையாளர்க்கு அமைப்பும் குரலும் இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் சிதறிய தொழிலாளர்க்கு அவை போதிய அளவில் இல்லை. மிகுதியைப் பங்கிடுவதில் நியாயத்தைக் காட்டிலும் குரலின் வலிமை முந்திக்கொள்ளும் என்பதற்கு இது சான்றாகும்.

இன்றைய ஜொகூர்

மலேசியக் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின்படி வருமான வரி, சுங்க வரி, கலால் வரி ஆகியன கூட்டரசுக்கு உரியவை. மாநிலங்களுக்கு நிலம், காடு, கனிமம் முதலியவற்றின் வருவாயும், 109ஆம் பிரிவின்கீழ் மக்கள் தொகை, சாலை ஆகியவற்றின் அடிப்படையிலான மானியங்களும் உண்டு. ஜொகூரில் திரட்டப்படும் வரியில் கூடுதல் பங்கு மாநிலத்திற்குத் திரும்ப வேண்டும் என்னும் கோரிக்கை அண்மை ஆண்டுகளில் வலுத்து வருகின்றது. 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சிப் பகுதியும், 2025 ஜனவரியில் ஒப்பந்தமான ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலமும் இக்கோரிக்கைக்கு உரமூட்டுகின்றன.

விளைந்த இடத்திற்கு விளைச்சலின் பங்கு திரும்ப வேண்டும் என்னும் அக்கொள்கை நியாயமானதே. ஆயின், அதே நியாயம் மாநில எல்லையில் நின்றுவிடலாகாது. தேசிய நிலச் சட்டத்தின்கீழ் வேளாண் நிலம் குடியிருப்பாகவோ தொழிற்பேட்டையாகவோ வகை மாற்றப்படும்போது மாநிலம் அதற்குரிய கட்டணத்தைப் பெறுகின்றது. அந்நிலங்களுட் பல, முன்னாள் தோட்டங்கள். தோட்டம் நகரமாகும்போது நில உரிமையாளர் ஊதியம் பெறுகின்றார். மாநிலம் கட்டணம் பெறுகின்றது. லயத்தில் வாழ்ந்தவர் வீட்டை இழக்கின்றார். தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவரை இழக்கின்றது. தோட்டம் மறைந்த பின்னும் 'லாடாங்' என்னும் சொல்லைப் பெயரிற் சுமந்து நிற்கும் பள்ளிகளை ஆசிரியர் பலரும் அறிவர். பள்ளி நிலம் தனியாருடையதாக இருந்தமையால் முழு உதவி பெறும் தகுதியை எய்தாது நின்ற பள்ளிகளும் பல.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்கக் கூட்டரசு 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தன் மிகுதியை நான்கு தவணைகளில் மாநிலங்களுக்குப் பகிர முனைந்தது. 1837ஆம் ஆண்டு நெருக்கடியால் நான்காம் தவணை வழங்கப்படவில்லை. வரும் எனக் கருதித் திட்டமிட்ட மாநிலங்கள் இடர்ப்பட்டன. ஒருமுறை வந்த மிகுதியை நிலையான வருவாயாகக் கொள்ளலாகாது என்பது இதன் பாடம். அலாஸ்கா 1976இல் எண்ணெய் வருவாய்க்கென நிலையான நிதியை அமைத்து, 1982 முதல் குடிமக்களுக்கு நேரடியாக ஈவுத்தொகை வழங்கி வருகின்றது. நார்வே 1990இல் சட்டமியற்றி, முதலைத் தொடாமல் எதிர்பார்க்கும் ஈட்டத்தின் அளவிற்கே செலவிடும் நெறியை வகுத்துக்கொண்டது. முன்னது இன்றைய குடிமகனை நோக்கியது. பின்னது நாளைய தலைமுறையையும் நோக்கியது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நெறிகளை நாம் முன்வைக்கலாம். ஒன்று, கடனாக உள்ளதை முதலில் தீர்த்தல் வேண்டும். இரண்டு, நோக்கம் முடிந்த தீர்வையின் எச்சம், அத்தீர்வையின் சுமையைத் தாங்கிய மக்களுக்கோ அவர்தம் வழியினர்க்கோ பயன்படல் வேண்டும்; அதனைப் பொதுக் கருவூலத்தில் கரைப்பதாயின், அவர்க்கு ஈடாக எது வழங்கப்படும் என்பது சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். மூன்று, விலையேற்றத்தால் வந்த மிகுதியை நிலையான செலவுகளுக்குப் பிணையாக்காது, நிலம், கல்வி போன்று நிலைத்துப் பயன்தருவனவற்றில் இடல் வேண்டும். நான்கு, பங்கீட்டுக் கணக்கு மக்கள் படிக்கத்தக்க வகையில் வெளியிடப்படல் வேண்டும்.

ஜொகூரைப் பொறுத்தவரை, தோட்ட நிலத்தின் வகைமாற்றக் கட்டணத்தில் ஒரு குறித்த விழுக்காட்டினை அத்தோட்டத்தில் வாழ்ந்தோரின் குடியிருப்புக்கும் அவர்தம் பள்ளியின் நிலத்திற்கும் சட்டப்படி ஒதுக்குதல் இந்நெறிகளுக்கு இயைந்த முதற்படியாகும். இது சலுகை வேண்டுதலன்று. மறுநடவு நிதியில் மரத்திற்குக் காட்டப்பட்ட நியாயத்தை மனிதர்க்கும் விரித்தல் மட்டுமே.

தமிழாசிரியர்கள் இறைமாட்சியைக் கற்பிக்கும்போது, வகுத்தல் என்னும் சொல்லுக்குப் பகிர்தல் எனப் பொருள் கூறி அமைகின்றோம். மாணவரின் கொள்ளுப்பாட்டன் வேலை செய்த நாள்களை எண்ணித் திரட்டிய ஒரு நிதி இருந்தது, அது இவ்வாறு வளர்ந்து இவ்வாறு முடிந்தது என்பதனையும் உடன் கூறுவோமாயின், அச்சொல்லின் பொருள் அவர்க்குத் தம் குடும்பத்திலிருந்தே விளங்கும்.