இணைதலும் இணைத்தலும்

பிறர் நிலத்தைத் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'அனெக்ஸ்' என்பர். 'கட்டுதல்' எனப் பொருள்படும் 'நெக்டெரே' என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல் இது. பெரிய கட்டடத்தை ஒட்டி எழுப்பும் துணைக்கட்டடமும் 'அனெக்ஸ்'தான். 1856இல் கிழக்கிந்தியக் கும்பினி அவத் அரசைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்ததையும் வரலாற்று நூல்கள் இச்சொல்லாலேயே குறிக்கின்றன. கட்டப்படுவதன் விருப்பத்துக்கு இச்சொல்லில் இடமில்லை.

தமிழோ 'கொள்' என்னும் வினையால் இதனை வெளிப்படையாக உரைத்தது; கங்கைகொண்ட சோழபுரம் என்னும் பெயரே சான்று. ஆயினும் முதலாம் இராசேந்திரன் கொண்டது கங்கைநீரையே. கங்கைக்கரை நிலம் சோழநாட்டோடு சேரவில்லை.

அந்நகர் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. இம்மாவட்டமே ஒருமுறை இணைப்புக்கு உள்ளானது என்பது வியப்பு. 1995இல் திருச்சிராப்பள்ளியினின்றும் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001 சனவரி 1இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச்சு 31இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. ஒரே அரசின் எல்லைக்குள் நிகழ்ந்த இதனை 'அனெக்ஸ்' எனல் பொருந்தாது. நிருவாக இணைப்பு எனலே தகும்.

எனினும் 'இணைந்தது' என்னும் தன்வினையையும் 'இணைத்தது' என்னும் பிறவினையையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. அவ்வைந்தாண்டுகளில் செயங்கொண்டத்து உழவர் மாவட்ட ஆட்சியரைக் காண அரியலூரையும் கடந்து பெரம்பலூர் செல்ல வேண்டியிருந்தது. அவர் தாமாக இணைந்தவரல்லர், இணைக்கப்பட்டவர்.