மலைவீட்டில் டயாலிசிஸ்: தீர்மானிப்பது யார்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறிச்செல்லும் அப்பிரயாணம் உல்லாசமாக வருவோருக்கு இன்பம் பயக்கலாம். ஆனால் சேர்வராயன் மலையின் சிற்றூர் ஒன்றில், காப்பித் தோட்டத்தில் கூலிவேலை செய்து வாழும் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று வைத்துக்கொண்டால், அந்தச் சாலையும் அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அவருக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மலையிறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றதோர் இடத்தில், நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருந்து இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்வது ஒன்று. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாயின் வழியே சர்க்கரை கலந்த திரவத்தை இரண்டு லிட்டர் அளவு உட்செலுத்தி, வயிற்றறையைப் போர்த்தியுள்ள சவ்வின் ஊடாகக் கழிவுகளும் மிகைநீரும் அதில் வந்து சேரும்வரை சில மணி நேரம் வைத்திருந்து, பின் வடித்துவிட்டுப் புதுத் திரவம் ஏற்றுவதை, நாள்தோறும் மூன்று நான்கு தடவை வீட்டிலேயே செய்துகொள்வது மற்றொன்று. ஆயுளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆராய்ச்சிகள் பொதுவாகக் காட்டுகின்றன. ஆகவே, எதைத் தேர்வது என்னும் வினாவுக்குரிய விடையில் பாதி நோயாளியின் வீட்டில்தான் கிடைக்கும்.

அந்த வீட்டை எந்த ஒரு நிபுணரும் தனித்து முழுமையாக அறிய முடியாது. கை கழுவச் சுத்தமான நீரும், திரவப் பையை மாற்றத் தூசியற்ற ஒரு மூலையும் உண்டா என்பது செவிலியர் கண்ணில் படும். இல்லையெனில் வயிற்றில் கிருமி புகுந்துவிடும். குழாயைப் பிடித்து இணைக்கும் வலு விரல்களுக்கு உண்டா என்பதை இயன்முறை மருத்துவர் சொல்வார். வடியும் திரவத்தோடு புரதமும் வெளியேறுவதால், களியும் குழம்புமாக உண்ணும் குடும்பத்தில் அதை எவ்வாறு ஈடுசெய்வது என்பது உணவியல் வல்லுநரின் விசாரம். நாளொன்றுக்கு 8 லிட்டர் என்றால் மாதத்துக்கு 240 கிலோ எடையுள்ள பைகளை ஒற்றையடிப் பாதையில் யார் சுமப்பது என்பதோ, நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இப்பைகளையும் வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஏற்றதோடு, தன்னார்வலரையும் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் வாசற்படிக்கே அனுப்புகிறது. அவர்கள் அங்கே கண்டது டாக்டரின் மேஜைக்குத் திரும்பி வந்து சேரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த பிரான்ஸ் லெகாரே என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், நோயாளியைச் சுற்றிப் பல தொழிலினரும் கூடித் தீர்மானிக்கும் முறையொன்றை 2011-இல் வகுத்தளித்தனர். நோயாளி தம் விருப்பத்தைத் தாமே தெளிந்துகொள்ளத் துணைநிற்கும் ஒருவருக்கு அதில் தனியிடம் உண்டு. அவர் டாக்டராக இருக்கவேண்டிய அவசியமில்லை. சேர்வராயன் மலைக்கு இது மிகவும் பொருந்தும். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே. எனினும் பெரிய ஆஸ்பத்திரியில், “நீங்களே பாத்துச் செய்யுங்க டாக்டரய்யா” என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. மரியாதையால் பிறந்த அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது நியாயமன்று. “நான் சொன்னதை வீட்டில் எப்படிச் சொல்லுவீங்க?” என்று ஊரறிந்த செவிலியர் பொறுமையாகக் கேட்டால், சொல்லாமல் விடப்பட்ட அச்சங்கள் பலவும் வெளிவரும்.

சம்மதம் நோயாளியிடமிருந்தே வரவேண்டும் என்பதைச் சட்டமும் வலியுறுத்துகிறது. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்த ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கையில் தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையை அகற்றியது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது.

தீர்மானம் ஒருமுறை எடுத்ததோடு தீர்வதுமில்லை. கிருமித்தொற்று அடிக்கடி வரலாம். வயிற்றுச் சவ்வு ஆண்டுகள் செல்லச்செல்லத் திறன் குன்றலாம். பைகளை மாற்றிவந்த மகள் மணமாகி வேறூர் போகலாம். அப்போது இயந்திரத்துக்கு மாறுவதா, சேலத்திலேயே உறவினர் வீட்டில் தங்குவதா என்று அத்தனை பேரும் நோயாளியோடு மறுபடியும் அமர்ந்து பேசியாகவேண்டும்.